பெயர் சொல்லாத மன்றாட்டு

மகன்,

நான் அனுப்புகிற வாட்ஸ்அப் செய்திகளுக்கு நீல அடையாளம் விழுவதில்லை. போன் எடுத்தால் உன் மனைவி எடுத்து, "அவர் மீட்டிங்கில இருக்கிறார் மாமி" என்கிறாள். பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுகிறாள், அது எனக்குக் கேட்கிறது. ஆனால் எங்கள் சபைப் பத்திரிகை மாதாமாதம் கொட்டாஞ்சேனைக்கு உன் வீட்டுக் கதவடிக்கு வருகிறது. அவள் அதை ஒரு வரி விடாமல் வாசித்து, சாப்பாட்டு மேசையில் உனக்கும் வாசித்துக் காட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆகவே இதை ஊரறிய எழுதுகிறேன். பத்திரிகை ஆசிரியர் கையில் கொடுத்தபோது அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இது வீட்டு விசயம் எல்லோ அக்கா" என்றார். வீட்டு விசயத்தை நடுச் சேர்ச்சில் நடத்திக் காட்டியவர்கள் நாங்கள் இரண்டு பேரும், இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் பெயரை மட்டும் எங்கும் எழுதவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குப் போகப் போக விளங்கும்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இந்த மாதக் கடைசி ஞாயிறு நான் மன்றாட்டு ஜெபம் நடத்துவது கடைசித் தடவை. கண் ஒப்பரேசனுக்குப் பிறகும் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. முன்பு மைக் இல்லாமலே கடைசி வாங்கில் இருக்கிறவர்கள் வரைக்கும் போன குரல், இப்போது மைக் இருந்தும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அப்பா காலமான பிறகு நான் ஏற்றுக்கொண்ட வேலை, இனி வேறு யாராவது செய்யட்டும். அன்றைக்கு நீ கொழும்பின் அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளவத்தைக்கு, எங்கள் சேர்ச்சுக்கு, வர வேண்டும். வந்து எங்கள் வாங்கில், நீ எப்போதும் அடம்பிடித்துப் பிடிக்கிற யன்னல் பக்கத்தில், இருக்க வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

இதை வாசிக்கிற புதியவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆராதனையில் பிரசங்கம் முடிந்ததும் ஒருவர் முன்னே போய் நின்று எல்லாருக்காகவும் மன்றாடுவார். முதலில் ஆளுகிறவர்களுக்காக, பிறகு நோயாளிகளுக்காக, பிறகு எங்களை விட்டுத் தூரத்தில் இருக்கிறவர்களுக்காக. நோயாளிகளுக்கும் தூரத்தில் இருக்கிறவர்களுக்கும் பெயர் வாசிப்போம். ஆளுகிறவர்களுக்கு மட்டும் பெயர் இல்லை. ஜனாதிபதிக்காக, பாராளுமன்றத்துக்காக, மாநகரசபைக்காக என்று பதவியைத்தான் சொல்வோம். அது உன் அப்பா வைத்த வழக்கம். இடையில் கடற்கரை ரெயில் போனால் ஒன்றுமே கேட்காது, அதனால் அது போய் முடியும்வரை வாசிப்பதை நிறுத்திவைப்போம். அது ரெயில் வைத்த வழக்கம்.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு, நான் ஆளுகிறவர்களுக்கான பகுதியை முடிக்கிற நேரம், புதிதாக வந்த போதகர் ஐயா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்கட சபையின்ர பிள்ளை ஒருவர் மாநகரசபைத் தேர்தலில நிக்கிறார். முன்னுக்கு வாங்கோ மகன். எல்லாரும் கையை நீட்டி, பேர் சொல்லி ஆசீர்வதிப்பம்" என்றார். நீ எழுந்தாய். புது வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தாய். உன் கட்சிக்காரர் ஒருவர் சுவரோரம் சாய்ந்து கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ நடுவழிக்கு வர, ரெயிலும் வந்தது.

நான் நிறுத்தினேன். உனக்காகத்தான் காத்து நிற்கிறேன் என்று சபை முழுக்க நினைத்தது. நீயும் அப்படித்தான் நினைத்தாய், என்னைப் பார்த்துச் சிரித்தாய். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு மேடையில் ஏறுமுன் என்னைத் தேடிப் பார்த்துச் சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. ரெயில் பம்பலப்பிட்டிப் பக்கம் போய் அடங்கியது. "நோயாளிகளுக்காக ஜெபிப்போம்" என்று நான் அடுத்த பகுதியைத் தொடங்கி, முதல் பெயரை வாசித்தேன்.

மூடியிருந்த கண்கள் எல்லாம் திறந்தன. போதகர் ஐயா தன் கதிரைக்குத் திரும்பிப் போய் இருந்தார். நீ நடுவழியிலிருந்து திரும்பிப் பக்கக் கதவால் வெளியே போனாய். உன் சப்பாத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நான் வாசித்துக்கொண்டிருந்தேன். இடுப்பு முறிந்து கிடந்த அங்கிளின் பெயரைத் திருப்பித் திருப்பி வாசித்தேனாம். நல்லகாலம், அவர் இப்போது எழும்பி நடக்கிறார், அந்த ஜெபத்தால்தான் என்று எல்லாருக்கும் சொல்லித் திரிகிறார்.

அன்று மத்தியானம் நீ எனக்குப் போன் எடுத்தாய்.

"நடுச் சேர்ச்சில வச்சு என்னை அவமானப்படுத்திப் போட்டியள் அம்மா."

"நான் ஒண்டும் செய்யேல்லை. இருக்கிறதை வாசிச்சன்."

"ஊரில இருக்கிற எல்லாருக்கும் ஜெபிப்பியள். எனக்கு மாட்டியள்."

"உனக்கு நான் விடிய எழும்பி, பல்லு விளக்க முதல் ஜெபிக்கிறன். அது வேற. பின் வாங்கில ஆர் இருந்தது எண்டு பாத்தனியே?"

பின் வாங்கில் இருந்தவர் உனக்கு எதிர் அணியில் நின்றவர். மனைவியோடு வந்திருந்தார். திருவிருந்தில் எங்களோடு ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறவர். போதகர் எல்லாரையும் கை நீட்டச் சொன்னால் அந்த மனிதன் என்ன செய்வது? கையை நீட்டி உன் வெற்றிக்கு ஜெபிப்பதா, மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருப்பதா? ஒருவனை ஆராதனையில் வைத்து அந்த இக்கட்டில் தள்ளக்கூடாது. இதைச் சொல்ல நீ விடவில்லை. உனக்கு உன் நியாயம் இருந்தது. "நாங்கள் சொற்பப் பேர் அம்மா. தமிழருக்குள்ள சொற்பம், வேதக்காரருக்குள்ளயும் சொற்பம். ஆர் எங்களைக் கணக்கெடுக்கினம்? எங்கட சபையே எனக்குப் பின்னால நிக்காட்டி வேற ஆர் நிப்பினம்?" என்றாய். அதற்கு நான் மறுமொழி யோசிக்கிறதுக்குள், போனை வைக்கும்முன், கடைசியாக ஒன்று சொன்னாய். "அப்பா பேர் சொல்லாமல் விட்டது பக்தியில இல்லை, பயத்தில. அந்தப் பயத்தை நீங்கள் வழக்கமெண்டு கட்டிக் காக்கிறியள்."

அதோடு சரி. நீ தேர்தலில் வென்றாய். உன் வட்டாரத்தில் எனக்கு வாக்கு இல்லை, இருந்திருந்தால் போட்டிருப்பேன். முடிவை மேல்வீட்டுத் தொலைக்காட்சியில் கேட்டேன். மேல்வீட்டுக்காரி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "மகன் வந்து சொன்னவரோ அன்ரி?" என்று கேட்டாள். ஓம் பிள்ளை, சொன்னவர் என்றேன்.

மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்து இதை வாசித்துக்கொண்டிருந்தால், மகன், உன் நேரத்தை வீணாக்காதே. அதே ஞாயிறு திரும்பி வந்தாலும் நான் நோயாளிகளுக்குத்தான் போவேன். ஆனால் அப்பாவைப் பற்றி நீ சொன்னதை அப்படியே விட என்னால் முடியவில்லை. உனக்குத் தெரிந்தது பாதி.

நீ சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் ஒரு அரசியல்வாதி எங்கள் சேர்ச்சுக்கு வந்தார். அவர் பெயர் இப்போது யாருக்கும் தேவையில்லை. தேர்தல் நேரம். அவரும் வேதக்காரர், எங்களுக்கு வேறு என்ன வேண்டும்? அப்போதிருந்த போதகர் அவரைப் பீடத்தடிக்கு அழைத்துப்போய் முழங்காலில் நிறுத்தினார். சபைப் பெரியவர்கள் சுற்றி நின்று தலையிலும் தோளிலும் கை வைத்து, பெயர் சொல்லி ஜெபித்தார்கள். உன் அப்பாவும் கை வைத்தார். எங்களுடைய ஆள் ஒருவர் மேலே போகிறார், இனி எங்களுக்கு ஒன்றும் வராது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நானும் நல்ல சீலை உடுத்திக்கொண்டு போய், கூட்டத்தை விலக்கி அவரிடம் கைகொடுத்தேன்.

அவர் வென்று சில மாதங்களில் எங்கள் ஒழுங்கையில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு நடந்தது. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு இளம் ஆட்களை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் எங்கள் சபைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்பாவும் இன்னும் சிலரும் அந்த மனிதரின் வீட்டுக்குப் போனார்கள். நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாராம். விசாரிக்கிறேன், உங்கள் ஆசீர்வாதம்தான் என்னை இந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று சொல்லிச் சுவரைக் காட்டினாராம். சட்டம் போட்ட படம். அவர் முழங்காலில், சுற்றி எங்கள் ஆட்கள். அவர் விசாரிக்கவும் இல்லை, பிறகு வாசலுக்கு வந்தவர்களைப் பார்க்கவும் இல்லை. அப்பா வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டு மேசையில் இருந்தார், சோற்றைத் தொடவில்லை. "அந்தப் படத்தில என்ர கையும் தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் மன்றாட்டு நடத்துகிற பொறுப்பைக் கேட்டு வாங்கினார், ஆளுகிறவர்களின் பெயர்களை வாசிப்பதையும் நிறுத்தினார். நீ ஒருநாள் ரோட்டில் அவர் கையைப் பிடித்து நடந்துகொண்டே, "பேர் சொல்லாட்டி கடவுளுக்கு ஆரெண்டு எப்பிடி அப்பா தெரியும்?" என்று கேட்டாய். அவர் சிரித்துவிட்டு, "அவருக்குத் தெரியும். ஆனா அந்த ஆளுக்குத் தெரியக்கூடாது" என்றார். உனக்கு அது விளங்கவில்லை, ஐஸ்கிறீம் கேட்டாய்.

என் பங்குக்கு நான் படித்தது நான் வேலை செய்த அரசாங்கக் கந்தோரில். நான் வேலை செய்த திணைக்களம் எது என்று உனக்குத் தெரியும், அதை இங்கே எழுதினால் பழைய ஆட்கள் கோபிப்பார்கள். கவுண்டருக்கு வருகிறவர்கள் சிபாரிசுத் துண்டு கொண்டு வருவார்கள். சிலர் கோயில் ஐயரிடம் வாங்கி வருவார்கள், சிலர் விகாரையில், சிலர் பள்ளிவாசலில். எங்கள் ஆட்கள் போதகரிடமோ சுவாமியிடமோ வாங்கி வருவார்கள். எங்கள் மேலதிகாரி, சிங்களவர், அப்படி ஒரு துண்டைப் பார்த்தால் என் மேசையில் கொண்டுவந்து வைத்து, "மிஸ், மேயா ஒயாலகே பாதர் எவபு கெனெக்" என்பார். உங்கள் பாதர் அனுப்பின ஆள், நீங்களே பார்த்து முடியுங்கோ என்று அர்த்தம். துண்டு இல்லாதவர்கள் காலையில் வந்த அதே வாங்கில் பின்னேரம் வரை இருப்பார்கள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் போதகரின் துண்டோடு வந்த ஒரு மனுசியை, வரிசையின் கடைசியில் போய் நில்லுங்கோ அம்மா என்று அனுப்பிவிட்டேன். அவ போதகரின் மனைவிக்குச் சின்னம்மா முறை என்று பிறகுதான் தெரிந்தது. கனகாலம் அந்தப் போதகர் எனக்கு அப்பம் தரும்போது என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே தந்தார். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் நான் சொல்வது இதைத்தான், மகன். அரசாங்கத்தின் கவுண்டரில் கடவுளின் பெயரைக் கொண்டுபோய் நீட்டினால், அங்கே பின்னுக்குத் தள்ளப்படுகிறவன் யாரோ ஒரு ஏழை. நீ இப்போது கவுண்டருக்கு உட்பக்கம் இருக்கிறாய். துண்டுகள் உன்னிடம் வரும். எங்கள் போதகர் ஐயாவின் துண்டுதான் முதலில் வரும், பார்.

இதற்காக, விசுவாசத்தைக் குடை மாதிரி வாசலில் வைத்துவிட்டு மாநகரசபைக்குள் போ என்று நான் சொல்வதாக நினைக்காதே. அப்படி நினைத்தால் நீ என்னிடம் வளரவே இல்லை. தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டருக்குப் பிறகு நீ செய்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் உன் சுற்றுவட்டாரமே செத்தவீடாகக் கிடந்தது. நீ சாப்பாடு தண்ணி இல்லாமல் பிரேதப்பெட்டி தூக்கித் திரிந்தாய். அதே கிழமைதான் உன் தெருமுனையில் பேக்கரி வைத்திருக்கிற முஸ்லிம் நானாவின் கடையைச் சிலர் உடைக்கப் போகிறார்கள் என்று கதை வந்தது. நீ வீட்டிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கடை வாசலில் போட்டு இருந்தாய். கையில் பேப்பர். உன்னைத் தெரிந்தவர்கள், செத்தவீட்டில் உன்னைக் கண்டவர்கள், வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். உன் மனைவி பயத்தில் எனக்குப் போன் எடுத்து அழுதாள். நான் உன்னைக் கூப்பிட்டு, "என்னடா செய்யிறாய் அங்க?" என்று கேட்டேன். "சும்மா இருக்கிறன் அம்மா. பாண் சூடா வரும்" என்றாய். அன்று உன்னை யாரும் பீடத்தடிக்குக் கூப்பிடவில்லை, படம் எடுக்கவும் இல்லை. நீ கிறிஸ்தவன் என்று சொல்லவே தேவை இருக்கவில்லை. நான் இந்த வயதுக்குள் கண்ட கிறிஸ்தவ அரசியல் அந்தக் கதிரைதான். அதில் இருந்தவனைத்தான் மாநகரசபைக்கு அனுப்ப எனக்கு ஆசை.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன். ஓம், அப்பா பயந்தவர். நீ சொன்னது பிழை இல்லை. சுற்றிவளைப்புக் காலத்தில் சேர்ச்சுக்குள் யார் யார் வந்து இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பிடிபட்டவர்களின் பெயரைச் சொல்லி ஜெபித்தால் அது எங்கே போய்ச் சேரும் என்றும் தெரியாது. ஆனால் தாய்மார் விடவில்லை. எங்கள் ஒழுங்கைத் தையல்கார அக்கா, அவவுக்கு ஒரே ஒரு மகன், அவனும் அந்த டிரக்கில் போனவன், ஆராதனைக்கு முன் அப்பாவின் சேர்ட் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர பிள்ளையின்ர பேரை ஒருக்கா வாசியுங்கோ அண்ணை" என்றா. அப்பாவால் பிடிபட்டவர் என்றும் சொல்ல முடியாது, வாசிக்காமல் விடவும் முடியாது. அந்த ஞாயிறு அவர் நோயாளிகளை முடித்துக்கொண்டு, "எங்களை விட்டுத் தூரத்தில் இருக்கிறவர்களுக்காக" என்று தொடங்கினார். லண்டன், கனடா, ஜேர்மனி போன பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே அந்தப் பெயரையும் வாசித்தார். மற்றப் பிள்ளைகளின் பெயர்களும் அடுத்தடுத்த கிழமை அங்கேயே வந்து சேர்ந்தன. நீயும் அந்த வாங்கில் இருந்து கேட்டிருக்கிறாய். வெளிநாட்டுக்காரர் என்று நினைத்திருப்பாய்.

நீ மட்டும் இல்லை. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு மனுசி, ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, தையல்கார அக்காவிடம், "உங்கட மகனும் போயிட்டாரே? எந்த நாடு தங்கச்சி?" என்று சந்தோசமாகக் கேட்டா. அக்கா அவவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கும் இன்னும் கடிதம் வரேல்லை அக்கா" என்றா.

அந்தப் பிள்ளை நெடுநாளைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தான். எலும்பும் தோலுமாக வந்தான், ஆனால் வந்தான். அடுத்த நாள் தாயோடு வந்து எங்களுக்கு முன் வாங்கில் இருந்தான். அப்பாவுக்கு அவன் வந்தது தெரியாது. தூரத்தில் இருக்கிறவர்களை வாசித்துக்கொண்டு வந்தவர், அந்தப் பெயருக்கு வரும்போது தலையை நிமிர்த்தினார், அவனைக் கண்டார். பிறகு அந்தப் பெயரை வாசிக்காமல் அடுத்த பெயருக்குப் போனார். ரெயில் ஒன்றும் வரவில்லை, ஆனாலும் கனநேரம் நிறுத்தினார். அப்பா அழுததை நான் முதன்முதல் கண்டது அன்றைக்குத்தான். பயந்த மனிதர்தான், மகன். ஆளுகிறவர்களுக்குப் பெயர் வாசிக்காத அதே வாயால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கிழமையும் பெயர் வாசித்தவர். இதை உனக்குச் சொல்லாமல் நான் செத்துப்போனால் என் நெஞ்சு வேகாது.

இனி என்னைப் பற்றிச் சொல்கிறேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். சனிக்கிழமை பின்னேரம் நீ பேலியகொடையில் மீன் வாங்கிக்கொண்டு வருவாய், பாரையோ விளைமீனோ, தலையை வெட்டாமல் கொண்டு வா என்று சொன்னாலும் வெட்டித்தான் கொண்டு வருவாய். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து நாங்கள் சாப்பிடுவோம். இப்போதும் சனிக்கிழமை தேங்காய் துருவி வைக்கிறேன், புளி கரைத்து வைக்கிறேன். பிறகு ரின்னில் அடைத்த மீனைத் திறந்து அதற்குள் போடுகிறேன். அந்த யன்னல் பக்கத்தில் வேறு யாராவது இருக்க வந்தால், ஆள் வருகிறது என்று சொல்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறேன், அவர்களும் ஒவ்வொரு ஞாயிறும் எழும்பி வேறு வாங்குக்குப் போகிறார்கள்.

போன மாதம் மழை பெய்து கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் தண்ணி நின்றதே, அன்றைக்கு நான் பஸ் ஏறி அங்கே வந்தேன். உனக்குத் தெரியாது. உன் மனைவிக்கும் சொல்லவில்லை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மருந்துக்கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். நீ எதிர்ப்பக்கம் காற்சட்டையை மடித்துக்கொண்டு அடைபட்ட வடிகானுக்குப் பக்கத்தில் நின்று, மாநகரசபை அலுவலர் ஒருவரோடு சிங்களத்தில் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தாய். சுற்றி நின்ற சனத்தில் பொட்டு வைத்தவர்களும் இருந்தார்கள், தொப்பி போட்டவர்களும் இருந்தார்கள். ஒரு கிழவி உன் முதுகில் தட்டி ஏதோ சொல்ல, நீ குனிந்து காது கொடுத்தாய். மெலிந்துபோயிருந்தாய். முன்பக்கம் மயிர் கொட்டியிருக்கிறது, அப்பாவுக்கு மாதிரியே. கூப்பிட வாயெடுத்தேன். வேலையில் நிற்கிற பிள்ளையை ஏன் குழப்புவான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நீ திரும்பிப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் பார்த்தால் என்ன செய்வது என்று பயந்தேன். அப்பாவின் பயத்தில் கொஞ்சம் எனக்கும் ஒட்டியிருக்கிறது. மருந்துக்கடையில் ஒரு சித்தாலேப தைலப் போத்தலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

நீ பக்கக் கதவால் போன அடுத்த ஞாயிறிலிருந்து, தூரத்தில் இருக்கிறவர்களுக்கான இடத்தில் உன் பெயரையும் வாசித்துக்கொண்டு வருகிறேன். சபையில் பழைய ஆட்களுக்கு விளங்கும், பேசாமல் இருக்கிறார்கள். போன கிழமை ஹெவ்லொக் டவுனிலிருந்து புதிதாக வருகிற ஒரு பிள்ளை, வாசலில் என் கையைப் பிடித்து, "நீங்கள் வாசிக்கிற கடைசிப் பேர் உங்கட மகனாம். எந்த நாட்டில இருக்கிறார் அன்ரி?" என்று கேட்டது.

"கொட்டாஞ்சேனையில" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டு இருந்து, சாப்பிடாமல் மூடி வைத்தேன்.

நீ அன்றைக்கு உன் பெயரை நான் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு போனாய். அன்றிலிருந்து உன் பெயரைச் சொல்லாமல் ஒரு ஞாயிறும் போகவில்லை, மகன். எனக்கு அலுத்துப்போய்விட்டது. கடைசி ஞாயிறு ஆளுகிறவர்களுக்கான இடத்தில் மாநகரசபைக்காக என்று மட்டும்தான் வாசிப்பேன், அதில் நீயும் இருக்கிறாய், பின் வாங்குக்காரர் அடுத்த முறை வென்றால் அவரும் இருப்பார். அதற்குப் பிறகு நோயாளிகளை வாசிப்பேன். அதற்குப் பிறகு தூரத்தில் இருக்கிறவர்கள். உன் பெயருக்கு வரும்போது தலையை நிமிர்த்தி யன்னல் பக்கம் பார்ப்பேன். கண் மங்கல்தான், ஆனாலும் நீ இருந்தால் எனக்குத் தெரியும். ரெயில் வராவிட்டாலும் கொஞ்சம் நிறுத்துவேன். ஒருக்கா வந்து அங்கே இரு. உன் பெயரை வாசிக்காமல் விட எனக்கு ஆசையாக இருக்கிறது.

அம்மா